ஒலிபெருக்கி யார் சொல் கேட்கும்?

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், காவிரி பாறைகளிடையே பிளவுண்டு பல அருவிகளாக விழும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால் அப்பெயர் வந்தது என்பர். ஆடி மாதத்தில் ஆறு பெருகியிருக்கும்போது அருவியின் அருகே நின்று பேசிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் விழாது. அங்கே சற்றுத் தொலைவில் உள்ள பரிசல்காரர் ஒருவரை அழைக்க வேண்டுமாயின் இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். இரைச்சலை மீறி அழைப்பு அவர் செவிக்கு எட்ட வேண்டும். அழைப்பவர் இன்னார் என்பதை அவர் அடையாளம் கண்டு கொள்ளவும் வேண்டும்.

‘புளூடூத்’ என்னும் கம்பியில்லா இணைப்பால் இயங்கும் சிறு ஒலிபெருக்கிகளை இன்று எங்கும் காண்கிறோம். லினக்ஸ் இயக்க மென்பொருள் ஏற்றிய உள்ளங்கை அளவுக் கணிப்பொறி ஒன்றுடன் இத்தகைய ஒலிபெருக்கியைச் சேர்த்து, மின்சாரம் வந்தவுடன் யார் கையும் படாமல் இரண்டும் தாமே இணைந்து ஒலிக்கும்படி செய்வது மாணவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளுள் ஒன்று. பரிசல்காரரை அழைப்பதில் உள்ள அதே இரண்டு காரியங்கள்தாம் இதிலும் உள்ளன. முதலாவது இயற்பியலைச் சேர்ந்தது. இரண்டாவது, யார் பேச அனுமதி பெற்றவர் என்னும் கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் நூறாண்டுக் கால வரலாறு உண்டு.

கம்பியின்றித் தொலைவில் ஒலி எழுப்பும் வித்தையை இந்தியாவில் முதலில் செய்து காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில், சுவர்களைக் கடந்து செல்லும் மின்காந்த அலைகளைக் கொண்டு அவர் மணி ஒன்றை அடிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அவர் ஆய்வுகளில் கையாண்ட அலைகள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. இன்றைய புளூடூத் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்.

சென்னையில் 1924 மே 16 அன்று, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பு நடத்தியது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோயிற்று. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே ஆகையால், பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகளை வைத்து மக்களைக் கேட்கச் செய்தார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் சிற்றூர்களுக்குப் ‘பஞ்சாயத்து ரேடியோ’ வந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் சிறு அறை, உள்ளே பூட்டிய பெட்டி, வெளியே கம்பத்தில் குழல் ஒலிபெருக்கி. மாலையானதும் அதற்கென்று உள்ள ஒருவர் வந்து பூட்டைத் திறந்து போடுவார். இரவு அணைத்துவிட்டுப் போவார். அந்தச் சாவி யாரிடம் இருந்ததோ அவர் சொன்னபடிதான் ஒலிபெருக்கி கேட்டது.

அந்தச் சாவிக்கு மேலே அரசின் சாவி ஒன்றும் இருந்தது. 1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இன்றி வானொலிக் கருவி எதையும் வைத்திருப்பதே குற்றம். அலை பரப்பும் கருவி மட்டுமன்று. பாட்டுக் கேட்கும் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ‘ரேடியோ லைசென்ஸ்’ புத்தகத்தைப் பழைய பெட்டிகளில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் தாத்தாக்கள் உண்டு. 1980-களின் நடுவில்தான் கேட்கும் பெட்டிகளுக்கான உரிமம் கைவிடப்பட்டது. அலை பரப்புவோருக்கு உரிமத் தேவை தொடர்ந்தது. புளூடூத் கருவியோ கேட்கவும் செய்யும், பரப்பவும் செய்யும். பழைய விதி அப்படியே நீடித்திருந்தால் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஓர் உரிமத் தாள் வேண்டியிருந்திருக்கும்.

இதற்கு விடை வந்த வழி வேடிக்கையானது. 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவம் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கென்று சில அலைவெண் பட்டைகளை ஒதுக்கியது. 2,450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை அவற்றுள் ஒன்று. நுண்ணலை அடுப்பு இயங்குவது இங்கேதான். ‘நீர் மூலக்கூறு இந்த அலைவெண்ணில் ஒத்ததிர்வு கொள்வதால்தான் அடுப்புக்கு இதைத் தேர்ந்தார்கள்’ என்று சில புத்தகங்கள் கூடச் சொல்கின்றன, அது சரியன்று. அறை வெப்பநிலையில் நீரின் உட்கவர்தல் உச்சம் பெறுவது சுமார் 20,000 மெகாஹெர்ட்ஸ் அளவில். அடுப்புக்கு இப்பட்டை வாய்த்தது ஒதுக்கீட்டினால். அடுப்புகளின் கசிவு நிறைந்த இப்பட்டை செய்தித் தொடர்புக்கு உதவாத குப்பைமேடு எனக் கருதப்பட்டது. 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், அலையை அகலமாகப் பரப்பி அனுப்பும் சிறுதிறன் கருவிகள் இப்பட்டையில் உரிமமின்றி இயங்கலாம் என்று விதி செய்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் விதிகள் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை சிறுதிறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தன. குப்பைமேடு பொது மைதானம் ஆயிற்று.

பொது மைதானத்தில் இரைச்சல் இருக்கத்தானே செய்யும்? அதைச் சமாளிக்கும் வழி போர்க்காலத்தில் பிறந்தது. திரைப்பட நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942 ஆகஸ்ட் 11-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். நீரடிக் குண்டை வானொலியால் செலுத்தும்போது எதிரி அந்த அலைவெண்ணில் இடையூறு செய்யாதிருக்க, 88 அலைவெண்களுக்கிடையே தாவிக்கொண்டே இருப்பது அவர்கள் உத்தி. தாமே இசைக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள் போன்ற ஒன்று இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் ஓடினால் தாவல் வரிசை இருவருக்கும் தெரியும், எதிரிக்குத் தெரியாது. பியானோவின் கட்டைகளும் 88 என்பதைக் கவனியுங்கள்.

சுவீடனில் லுண்டு நகரத்து எரிக்சன் நிறுவனத்தில், கைப்பேசிக்கும் அதன் துணைக் கருவிகளுக்கும் இடையே கம்பியை ஒழிக்கும் வேலையை 1994-இல் மேற்கொண்ட யாப் ஹார்ட்சன் தாவும் முறையையே கையாண்டார். விரைவில் ஸ்வென் மேட்டிசன் அவருடன் சேர்ந்தார். இவர்கள் வகுத்த முறையில் 2,402 முதல் 2,480 வரை, மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 79 தடங்கள். விநாடிக்கு 1,600 தாவல்கள். ஒரு தடத்தில் தங்குவது 625 மைக்ரோவிநாடி. ஒகேனக்கல் அருவியின் ஓசை தாழ்ந்த ஒலி முதல் கிறீச்சொலி வரை எல்லா அலைவெண்களிலும் பரவியிருப்பதால், குரலை மாற்றி மாற்றி அழைத்தாலும் அங்கே பெரும்பயன் இராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் இரைச்சலோ திட்டுத்திட்டாக இருக்கும். வைஃபை கருவி ஒன்று சுமார் 20 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொண்டால், மற்ற தடங்கள் காலியாகவே இருக்கும். தாவிச் செல்பவனுக்கு ஒரு தடத்தில் இழந்தது அடுத்த தடத்தில் கிடைத்துவிடும். 2003-இல் வந்த 1.2 பதிப்பு முதல், இரைச்சல் மிகுந்த தடங்களைத் தெரிந்து ஒதுக்கவும் கருவிகள் கற்றுக்கொண்டன. எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் 1998 மே மாதத்தில் கூட்டமைப்பை அறிவித்தன. 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டு புளூடூத்தின் பெயரை இதற்குச் சூட்டலாம் என்றவர் இன்டெல்லின் ஜிம் கார்டாக். ‘நீலப்பல்’ என்று இதைத் தமிழாக்கியவர்களும் உண்டு, அரசர் கோபிக்காதிருப்பாராக!

இனி இரண்டாவது காரியம். அரசு உரிமத் தாளைக் கைவிட்டபின் அனுமதி வழங்கும் பொறுப்பு யாரிடம் சென்றது? கருவிகளிடமே சென்றது.

ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் 48 இருமக்குறிகள் கொண்ட முகவரி உண்டு. கருவிகள் ஒன்றையொன்று அழைப்பதில் இரு வகைகள். ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று பொதுவாகக் கூவுவது ஒன்று. இதற்குத் தேடல் என்று பெயர். முழுமையாகச் செய்து முடிக்க 10.24 விநாடி ஆகும். ‘இன்ன முகவரிக்காரரே!’ என்று பெயர் சொல்லி விளிப்பது மற்றொன்று. ஒலிபெருக்கியின் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தியதும் விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறதே, அப்போதுதான் அது பொதுக்கூவலுக்கு விடை தரும். மற்ற வேளைகளில் பெயர் சொல்லி விளித்தால் மட்டுமே திரும்பிப் பார்க்கும். தானியங்கி இணைப்பைச் செய்ய முற்படுவோர் பலர் ஒவ்வொரு முறையும் தேடலிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒருமுறை அறிமுகமான ஒலிபெருக்கிக்குத் தேடல் தேவையே இல்லை.

அறிமுகம் என்றால் என்ன? கடைக்காரர் ‘பேரிங்’ என்று சொல்லும் இணைசேர்ப்புத்தான் அது. இரு கருவிகளும் 128 இருமக்குறிகள் கொண்ட ஒரு பொது இரகசியச் சாவியை உண்டாக்கி, தத்தம் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். தொடக்கக் காலத்தில் இச்சாவியை நான்கு இலக்கப் ‘பின்’ எண்ணிலிருந்து பிறப்பித்தார்கள். ஒலிபெருக்கிக்கு எண் தட்டும் வசதி ஏது? ஆகவே தொழிற்சாலையிலேயே 0000 அல்லது 1234 என்று அடித்து அனுப்பினார்கள். ஊர் முழுவதும் ஒரே சாவி செய்த பூட்டு! மாறும் எண்ணாக இருந்தாலும் காப்பு இல்லை என்பதை 2005-இல் இஸ்ரேலைச் சேர்ந்த யானிவ் ஷக்கேட், அவிஷை வூல் ஆகியோர் காட்டினர். இணைசேரும்போது நடக்கும் உரையாடலை ஒட்டுக்கேட்ட ஒருவர், நான்கு இலக்க எண்ணை அக்காலப் பென்டியம்-4 கணிப்பொறியில் 0.06 விநாடியில் கண்டுபிடித்துவிடலாம்.

2007-இல் வந்த 2.1 பதிப்பு இதைச் சீர்செய்தது. அதன் அடிப்படை 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கருத்து. ஒரு சிறு கணக்கால் அதை விளக்கலாம். 3, 17 என்ற எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. கணிப்பொறி மனத்தில் 6 என நினைக்கிறது. 3-இன் 6-ஆம் அடுக்கை 17-ஆல் வகுத்த மீதியாகிய 15-ஐ உரக்கச் சொல்கிறது. ஒலிபெருக்கி 7 என நினைத்து, அதே முறையில் 11 என்று உரக்கச் சொல்கிறது. கணிப்பொறி 11-இன் 6-ஆம் அடுக்கை 17-ஆல் வகுத்தால் மீதி 8. ஒலிபெருக்கி 15-இன் 7-ஆம் அடுக்கை 17-ஆல் வகுத்தாலும் மீதி 8. இரகசியம் 8; அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை! உண்மைக் கருவிகளில் நீள்வட்ட வளைகோடுகள் எனப்படும் வேறு கணிதத்தில், மிகப் பெரிய எண்களுடன் இது நடைபெறுகிறது. ஒட்டுக்கேட்பவர் திண்டாடிப்போவார்.

ஆனால் ஒரு குறை நின்றது. இக்கணக்கு இரகசியத்தைக் காக்கும். எதிரே இருப்பவர் யார் என்று சொல்லாது. திரையும் விசையும் உள்ள கருவிகளில் ஆறு இலக்க எண்ணை இருபுறமும் காட்டி மனிதரைச் சரிபார்க்கச் சொல்லலாம். திரையில்லாத ஒலிபெருக்கியிடம் கேள்வி கேட்க வழியில்லை. கேளாமலே ‘சரி’ என்று கொள்ளும் முறையை அதற்கு வைத்தார்கள். இணைசேர்ப்பைத் தானியங்கி ஆக்குவது சாத்தியமானதே இந்தக் கேளாத ‘சரி’யினால்தான்.

இவ்வளவையும் லினக்ஸ் கணிப்பொறியில் செய்விக்கும் மென்பொருளின் பெயர் புளூஸ். குவால்காம் நிறுவனத்தில் பணியாற்றிய மேக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதியது. 2001 மே மாதத்தில் மூலநிரலோடு பொதுவில் வெளியிடப்பட்டு, அவ்வாண்டே லினக்ஸ் கருவகத்தின் 2.4.6 பதிப்பில் சேர்ந்தது. பின்னர் மார்செல் ஹோல்ட்மன் தலைமையில் பலநாட்டுக்காரர் இதைப் பேணினர். தமிழ்நாட்டு மாணவருக்கு லினக்ஸ் அந்நியமன்று. 2011 முதல் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது.

புளூஸின் தொடக்கக் காலத்தில் பின் எண்ணை ஒரு கோப்பிலேயே எழுதிவைத்து, வருவோர்க்கெல்லாம் தானே விடை சொல்லும்படி செய்துவந்தார்கள். 2012 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில் முறை மாறியது. ஒலியைக் கையாளும் பொறுப்பைப் புளூஸ் உதறிவிட்டு, பல்ஸ்ஆடியோ போன்ற ஒலிப் பணியகங்களிடம் விட்டது. மேசைக் கணிப்பொறிக்கு இது நன்மை. திரையும் விசைப்பலகையும் இல்லாத சிறு கணிப்பொறிக்கோ பெருந்தொல்லை ஆயிற்று. ஏனெனில் ஒலிப் பணியகம் பொதுவாகப் பயனர் ஒருவர் உள்நுழைந்த பிறகே விழித்தெழும். யாரும் உள்நுழையாத கணிப்பொறியில் இணைசேர்ப்பு ஒழுங்காக முடியும். இணைக்கச் சொன்னால் மட்டும் ‘அந்தச் சேவை இல்லை’ என்று பிழை வரும். ஒலிபெருக்கி பழுது என்று எண்ணிக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பயனர் நுழையாமலே ஒலிப் பணியகம் தொடக்கத்திலேயே எழும்படி சிஸ்டம்டி என்னும் நிர்வாக நிரலுக்குக் கட்டளை எழுதிவிட்டால் தீரும்.

2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை கணிப்பொறியில் புளூடூத் கிடையாது. 2016 பிப்ரவரி 29-இல் வந்த மூன்றாம் மாதிரியில்தான் அது பலகையிலேயே சேர்ந்தது. அதில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லு, ஒரே அலைவாங்கி. இணையத்திலிருந்து பாட்டை இறக்கிக்கொண்டே ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டு விக்குவது ஏன் என்று இப்போது விளங்கும். ஒரே வாயால் இருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. பாட்டைக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டால் விக்கல் பெரிதும் குறையும். மனித உடலில் பெரும்பங்கு நீர் ஆகையால், இடையில் ஆள் நின்றாலும் அலை தளரும். அருவிச் சாரல் அவ்வளவு தடை செய்யாது. 12 சென்டிமீட்டர் அலைக்கு முன் அத்திவலைகள் மிகச் சிறியவை.

தானியங்கி வேலையின் உள்ளுறை இதுதான். ஒருமுறை மட்டும், மனிதர் ஒருவர் அருகிருந்து, தேடி, இணைசேர்த்து, அந்த ஒரு முகவரியை ‘நம்பத்தக்கது’ என்று குறித்துவிட வேண்டும். சாவி நினைவட்டையில் பதிந்துவிடும். அதன்பின் கணிப்பொறி எழும் ஒவ்வொரு முறையும் அம்முகவரியைப் பெயர் சொல்லி விளித்தால் போதும். ஒரு விளிப்பு வழக்கமாக 5.12 விநாடிக்கு மேல் காத்திராது. ஒலிபெருக்கி அணைந்திருந்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் விளிக்க வேண்டும். எவ்வளவு பொறுப்பது? இணைப்பு இடையில் அறுந்தால் புளூஸ் தானே கைக்கொள்ளும் வரிசையைப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64 விநாடி. ஏழு முயற்சி, மொத்தம் 127 விநாடி. தோற்கத் தோற்க இடைவெளியை இரட்டிப்பாக்கும் இவ்வழக்கம், பல கணிப்பொறிகள் ஒரே கம்பியில் பேச முயன்ற 1970-களின் ஈதர்நெட்டிலேயே இருந்தது. பொது மைதானத்தில் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பது பிறருக்கு இடைஞ்சல் என்னும் நாகரிகம் அதில் இருக்கிறது.

மேற்சொன்னது ஒரு கணிப்பொறி, தெரிந்த ஓர் ஒலிபெருக்கியை அழைப்பது. இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு. பழைய ஒலிபெருக்கியுடன் சிறு கணிப்பொறியைப் பொருத்தி, அதையே புளூடூத் ஒலிபெருக்கி ஆக்குவது. இங்கேதான் பலர் சோம்பல் வழியைத் தேர்கிறார்கள். கணிப்பொறி எந்நேரமும் பொதுக்கூவலுக்கு விடை தரட்டும், வருவோர் எவரானாலும் கேளாமலே ‘சரி’ சொல்லட்டும் என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டு வரவேற்பறையில் அடுத்த வீட்டுப் பையன் பாட்டுப் போடுவதோடு அது முடியலாம். பொது இடத்தில் அப்படி முடியாது. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை அளக்கிறது. வரத்து மிகுந்தால் அருவியில் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடுவார்கள். அத்தடையை அறிவிக்கும் ஒலிபெருக்கி, வருவோர்க்கெல்லாம் ‘சரி’ சொல்லும் வகையாக இருந்தால், விளையாட்டுப் பிள்ளை ஒருவன் தன் கைப்பேசியிலிருந்து ‘தடை நீங்கிற்று’ என்று சொல்லிவிட முடியும். வெள்ள எச்சரிக்கைக்குப் புளூடூத்தை நம்பவே கூடாது என்பது என் கருத்து. சிறிய ஒலிபெருக்கிகளில் அதன் எட்டுமிடம் சுமார் 10 மீட்டர்தான். அங்கே கம்பியே மேல். நூலகம், சத்துணவுக் கூடம், பேருந்து நிலையக் கடை இவற்றுக்கு இது போதும். அங்கும் யாருக்குச் ‘சரி’ என்பதைத் தீர்மானித்துத்தான் ஆகவேண்டும்.

அதற்கு எளிய வழி இருக்கிறது. கணிப்பொறிப் பலகையின் ஊசிமுனைகளில் இரண்டோடு ஓர் அழுத்து பொத்தானைப் பொருத்துங்கள். பொத்தானை அழுத்தினால் மட்டும் கணிப்பொறி பொதுக்கூவலுக்கு விடை தந்து புதியவரைச் சேர்த்துக்கொள்ளட்டும். புளூஸின் இயல்பான கால எல்லை 180 விநாடி. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் இணைசேர்ப்பு வாயிலையும் மூடிவிடுமாறு நிரலில் ஒரு வரி சேருங்கள். முன்பே நம்பத்தக்கவர் எனக் குறிக்கப்பட்டோர் அதன்பின்னும் தடையின்றி வந்து இணைவர்; புதியவர்க்குக் கதவு திறவாது. பொத்தானைப் பூட்டிய பெட்டிக்குள் வைப்பது நலம்.

ஒரு முனையில் சாவி அழிந்து மறுமுனையில் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலிபெருக்கியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டவர்கள் கணிப்பொறியிலும் பழைய பதிவை நீக்க வேண்டும். நினைவட்டையைக் கழற்றி வேறு பலகையில் செருகினாலும் இதே கதைதான். சாவிகள் பழைய பலகையின் முகவரிப் பெயரில் அடுக்கப்பட்டிருப்பதால் புதிய பலகைக்கு அவை பயன்படா. அப்போது யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து அந்தப் பொத்தானை மறுபடியும் ஒருமுறை அழுத்தியே தீரவேண்டும்.